யாரும் எழுதாத வரிகள்

ஆங்குலர் என்ற வலைச் சட்டகத்தில் வேலை செய்பவர்கள் டெர்மினலைத் திறந்து 'என்ஜி ஜெனரேட் காம்பொனென்ட்' என்று அடித்து, பக்கத்தில் ஒரு பெயரைக் கொடுப்பார்கள். கை பழகியவர்கள் அதையும் 'என்ஜி ஜி சி' என்று சுருக்கிவிடுவார்கள். அடுத்த நொடி ஒரு ஃபோல்டர் முளைக்கும். அதற்குள் நான்கு கோப்புகள்: டைப்ஸ்கிரிப்ட் ஒன்று, எச்டிஎம்எல் ஒன்று, சிஎஸ்எஸ் ஒன்று, டெஸ்ட் ஒன்று. ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று டெர்மினல் கணக்கும் சொல்லும். சிஎஸ்எஸ் கோப்பு காலியாக இருக்கும். எச்டிஎம்எல் கோப்பில் ஒரே வரி: நீங்கள் கொடுத்த பெயர், அதற்குப் பின்னால் 'ஒர்க்ஸ்!' என்ற சொல், ஆச்சரியக்குறியோடு. டெஸ்ட் கோப்பில் இந்தக் காம்பொனென்ட் உருவாகிறதா என்ற ஒரே ஒரு சோதனை. ஓட்டினால் பச்சை விழும்.

இன்னும் ஒரு வேலையும் கொடுக்கப்படாத ஒன்று தான் வேலை செய்வதாக அறிவித்துக்கொள்கிறது. அதற்கான சான்றிதழையும் கையோடு கொண்டுவந்திருக்கிறது. நிரல் எழுதுபவர்கள் தினமும் பார்த்துப் பழகிய காட்சி என்பதால் யாருக்கும் இதில் சிரிப்பு வருவதில்லை. எனக்கு இது கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயமாகப் படுகிறது. இப்படி வந்து விழும் வரிகளை எழுதியவர் யார்? நாளைக்கு அவற்றுக்குப் பதில் சொல்லப்போகிறவர் யார்?

முதலில், இந்தக் கருவிகள் ஏன் வந்தன என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைய ஃபிரண்ட் எண்ட் வேலை என்பது திரையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக் கட்டும் வேலை. ஒரு பொத்தான் ஒரு காம்பொனென்ட், ஒரு தேடல் பெட்டி ஒரு காம்பொனென்ட். ரியாக்ட் நூலகத்தில் வேலை செய்யும் கட்டுப்பாடான ஒரு குழு ஒரு பொத்தானுக்கு ஐந்து கோப்புகள் வைத்திருக்கும்: பொத்தானின் நிரல், அதன் அலங்காரம், அதன் டெஸ்ட், ஸ்டோரிபுக்கில் காட்டுவதற்கான கோப்பு, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடுக்கும் இண்டெக்ஸ் கோப்பு. புதிதாக ஒன்று தொடங்க வேண்டுமென்றால் கருவி இல்லாத ஊரில் என்ன செய்வார்கள்? பக்கத்து ஃபோல்டரைப் பிரதியெடுப்பார்கள். பழைய பெயரைத் தேடிப் புதிய பெயராக மாற்றுவார்கள். எங்காவது ஓர் இடத்தில் பழைய பெயர் தங்கிவிடும். விலைப்பட்டியலுக்கான டெஸ்ட் கோப்பு உள்ளே இன்னும் வாடிக்கையாளர் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், பக்கத்து ஃபோல்டரை எழுதியவர் அவசரத்தில் செய்த ஒட்டுவேலையும் பிரதியோடு சேர்ந்து வந்துவிடும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த ஒட்டுவேலைதான் அங்கே மரபு.

பிளாப், ஹைஜென் போன்ற கருவிகள் இந்தச் சங்கடத்துக்குப் பிறந்தவை. பிளாப் உங்களிடம் கேள்வி கேட்கும்: பெயர் என்ன, டெஸ்ட் வேண்டுமா, எந்த ஃபோல்டரில் வைக்க? பதில்களை ஹேண்டில்பார்ஸ் டெம்ப்ளேட்டுகளில் இட்டு நிரப்பிக் கோப்புகளாக்கும். கொடுத்த பெயரை ஓரிடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும், இன்னோரிடத்தில் சிறிய எழுத்தில் தொடங்கும், கோப்புப் பெயரில் இடையில் கோடு போட்டு எழுதும். ஹைஜென் தன் டெம்ப்ளேட்டுகளைத் திட்டத்தின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். புதிய கோப்பு எழுதுவதோடு, ஏற்கெனவே உள்ள கோப்பின் நடுவில் ஒரு வரியைச் செருகவும் அதற்குத் தெரியும். இரண்டுமே பெரிய அதிசயங்கள் இல்லை. பார்க்கப்போனால் கோடிட்ட இடங்களை நிரப்பும் வேலைதான்.

இவற்றால் நேரம் மிச்சம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் மிச்சமாகும் நேரம் அற்பம். ஐந்து கோப்புகளின் தொடக்க வரிகளைக் கையால் அடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். ஒரு காம்பொனென்ட்டின் ஆயுளில் அது ஒரு பொருட்டே இல்லை. அதன் பெரும்பங்கு நேரம் பிறகு வருகிறவர் அதைப் படிப்பதிலும், புரியாமல் விழிப்பதிலும், பயந்து பயந்து மாற்றுவதிலும் கழிகிறது. பிறப்பை எளிதாக்கும் கருவிக்கு வளர்ப்பில் பங்கு கிடையாது.

அப்படியானால் அதன் உண்மையான பயன் என்ன? ஒப்பந்தம் என்பேன். டெஸ்ட் கோப்பு எங்கே இருக்க வேண்டும், பெயர் எப்படி இருக்க வேண்டும், அலங்காரத்தைத் தனிக் கோப்பில் வைப்பதா உள்ளேயே எழுதுவதா என்பதெல்லாம் ஒவ்வொரு குழுவிலும் சண்டை வந்த விஷயங்கள். சண்டை ஓய்ந்தபின் யாரோ ஒருவர் முடிவைக் கையேட்டில் எழுதிவைப்பார். கையேட்டை யாரும் திறப்பதில்லை. டெம்ப்ளேட்டில் எழுதிவைத்த முடிவு மட்டும் தினமும் நடைமுறைக்கு வருகிறது. ஒரு குழுவில் புதிதாகச் சேருகிறவர் அங்கே எப்படி வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அவர் முதலில் படிக்க வேண்டியது டெம்ப்ளேட் ஃபோல்டரைத்தான். கையேடு குழுவின் ஆசையைச் சொல்லும். டெம்ப்ளேட் அதன் பழக்கத்தைச் சொல்லும்.

*

நிரல் எழுதும் நிரல் என்பது புதிய யோசனை இல்லை. ஐபிஎம் 1959இல் கொண்டுவந்த ஆர்பிஜி என்ற மொழியின் முழுப்பெயரே 'ரிப்போர்ட் புரோகிராம் ஜெனரேட்டர்'. என்ன அறிக்கை வேண்டும் என்று படிவத்தில் குறித்துக்கொடுத்தால் அதற்கான நிரலை அது உண்டாக்கும். 1970களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் எழுதிய யாக், ஒரு மொழியின் இலக்கணத்தை வாங்கிக்கொண்டு அதைப் பகுத்தறியும் சி நிரலைத் தரும்.

ஆனால் யாக்கின் வழிக்கும் இன்றைய காம்பொனென்ட் கருவிகளின் வழிக்கும் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. யாக் தரும் சி கோப்பை யாரும் கையால் திருத்துவதில்லை. மாற்றம் வேண்டுமென்றால் மேலே போய் இலக்கணத்தைத் திருத்தி, மறுபடி ஓட்டுவார்கள். மூலம் ஒன்று, விளைவு ஒன்று; இரண்டுக்கும் உறவு அறுவதே இல்லை. கோ மொழியில் இப்படி உண்டாகும் கோப்புகளின் தலையில் 'திருத்தாதே' என்று பெரிய எழுத்தில் எழுதிவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. காம்பொனென்ட் கருவி செய்வது இதற்கு நேர்மாறு. கோப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிடும். நீங்கள் முதல் வரியைத் திருத்தியதும் டெம்ப்ளேட்டுக்கும் அந்தக் கோப்புக்கும் இருந்த தொப்புள்கொடி அறுந்துபோகும். டெம்ப்ளேட்டை நாளை திருத்தினாலும் அந்தத் திருத்தம் இந்தக் கோப்பை எட்டாது.

இந்த இரண்டு வழிகளில் எது சரி என்ற கேள்வியை ரூபி ஆன் ரெயில்ஸ் வெகு முன்பே சந்தித்தது. டேவிட் ஹைன்மைர் ஹான்சன் 2004இல் வெளியிட்ட அந்தச் சட்டகம் பிரபலமானதற்கு ஒரு காரணம், பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பூவைக் கட்டி அவர் செய்துகாட்டிய காணொளி. அதில் பலரைக் கவர்ந்தது ஸ்கேஃபோல்ட் என்ற வசதி. தொடக்க காலத்தில் அதற்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்றில் கன்ட்ரோலரில் 'ஸ்கேஃபோல்ட்' என்று ஒரே வரி எழுதினால் போதும். சேர்க்க, திருத்த, நீக்க எல்லாத் திரைகளும் ஓடும்போதே தாமாக வரும். கோப்பாக எதுவும் கண்ணில் படாது. இன்னொன்றில் அத்தனை திரைகளும் கோப்புகளாக எழுதிக் கையில் தரப்படும். 2007 டிசம்பரில் ரெயில்ஸ் 2.0 வந்தபோது முதல் வடிவத்தை எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் கோப்புகளைத் தரும் வடிவம் மட்டுமே நின்றது. ஒளிந்திருந்து வேலை செய்யும் மந்திரம் காட்சிக்கு அழகு. தன் தேவைக்கேற்பக் கொஞ்சம் மாற்ற நினைத்தவருக்குக் கைபோட இடம் இல்லை.

ஃபேஸ்புக் 2016இல் வெளியிட்ட கிரியேட் ரியாக்ட் ஆப் இரண்டு வழிக்கும் நடுவே நின்றது. காம்பொனென்ட் கோப்புகள் உங்களுடையவை. அவற்றைக் கட்டிச் சேர்க்கும் வெப்பேக், பேபல் அமைப்புகள் மட்டும் மூடிய பெட்டிக்குள். பெட்டியைத் திறக்க 'இஜெக்ட்' என்று ஒரு கட்டளை இருந்தது. அதைக் கொடுத்தால் எல்லா அமைப்புக் கோப்புகளும் உங்கள் ஃபோல்டரில் வந்து கொட்டும். திரும்பிப் போக வழி கிடையாது என்று எச்சரித்துவிட்டுத்தான் கொட்டும். பல ஆண்டுகள் ரியாக்ட் கற்க வந்தவர்களின் முதல் கட்டளையாக இருந்த அந்தக் கருவியை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழு அதிகாரபூர்வமாக ஓய்வுக்கு அனுப்பியது.

இதன் மறுகோடியில் நிற்பது 2023இல் வந்த ஷாட்சிஎன். மற்ற காம்பொனென்ட் நூலகங்களை நிறுவினால் அவை யாரும் எட்டிப் பார்க்காத நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஷாட்சிஎன் கருவியிடம் பொத்தான் வேண்டும் என்று கேட்டால், பொத்தானின் மூல நிரலையே உங்கள் திட்டத்துக்குள் எழுதிவைக்கும். இனி இது உன்னுடையது, வேண்டியபடி மாற்றிக்கொள் என்பது அதன் கொள்கை. இதை வெறும் வசதி என்று நினைப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மாற்றும் உரிமை கைக்கு வந்த அதே நேரத்தில், பராமரிக்கும் கடனும் தோளுக்கு வந்துவிட்டது. நூலகத்தில் பிழை என்றால் அதை எழுதியவர் திருத்திப் புதிய பதிப்பு விடுவார். உங்கள் ஃபோல்டரில் இருக்கும் பொத்தானில் பிழை என்றால் திருத்த வேண்டியவர் நீங்கள்.

*

உறவு அறுந்த கோப்புகளுக்கு இன்னொரு விதி உண்டு. அவை பிறந்த காலத்தின் முத்திரையைச் சுமந்துகொண்டே இருக்கும். 2019 பிப்ரவரியில் ரியாக்ட் 16.8 பதிப்பு ஹூக்ஸைக் கொண்டுவந்தது. அதன்பின் டெம்ப்ளேட்டுகள் வகுப்புகளை விட்டு ஃபங்ஷன்களுக்கு மாறின. பழைய கோப்புகள் மாறவில்லை. ஆங்குலரில் புதிய காம்பொனென்ட் உண்டாக்கினால், அதை ஒரு மாட்யூல் கோப்பில் பதிவுசெய்யும் வேலையையும் கருவி செய்துவந்தது. 2023 நவம்பரில் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து புதிய திட்டங்களில் அந்த மாட்யூலே தேவையில்லாமல் போனது. 2025இல் 20ஆம் பதிப்பு வந்தபோது, கோப்புப் பெயரில் 'காம்பொனென்ட்' என்ற ஒட்டுச்சொல்லைச் சேர்க்கும் வழக்கத்தையும் கருவி விட்டுவிட்டது. பத்து வருடப் பழைய ஒரு திட்டத்தைத் திறந்து பார்ப்பவர், கோப்புகளின் அமைப்பை வைத்தே எது எந்த ஆண்டில் பிறந்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். ஆங்குலர் பதிப்பு மாறும்போது பழைய நிரலையும் திருத்திக் கொடுக்கும் கருவிகளையும் சேர்த்தே தருகிறது என்பதை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு குழு தானே எழுதிக்கொண்ட டெம்ப்ளேட்டுகளுக்கு அப்படிப்பட்ட பின்துணை பெரும்பாலும் இருப்பதில்லை.

கருவிகளுக்கே இந்த விதி பொருந்தும். 2012இல் கூகுளின் மாநாட்டில் அறிமுகமான யோமன் அந்தக் காலத்தில் பெரிய பெயர். கிரண்ட், போவர் என்ற இரண்டு கருவிகளோடு சேர்ந்து மூவராக அது வந்தது. போவரைப் பராமரித்தவர்களே 2017இல் வேறு கருவிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிரண்டின் இடத்தைப் பிறர் பிடித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் உண்டாக்கிய திட்டங்களில் மட்டும் மூவரின் அமைப்புக் கோப்புகளும் அப்படியே கிடந்தன.

*

இதற்கும் மேலான கவலை, டெம்ப்ளேட்டில் முன்பே எழுதி வந்துவிடும் முடிவுகள். கிரியேட் ரியாக்ட் ஆப் தரும் பக்கத்தின் தலைப்பு 'ரியாக்ட் ஆப்'. அதை மாற்ற மறந்து பொதுப் பார்வைக்கு வந்த தளங்கள் ஏராளம். உலாவியின் மேல்பட்டையில் கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ரியாக்ட் ஆப்' என்று இருக்கும். அதே கருவி தரும் மாதிரி டெஸ்ட், திரையில் 'லேர்ன் ரியாக்ட்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடும். நீங்கள் மாதிரிப் பக்கத்தை அழித்து உங்கள் வேலையைத் தொடங்கியதும் அது சிவப்பாகிவிடும். உடனே அந்தக் கோப்பை நீக்குவார்கள். ஆங்குலரின் டெஸ்ட் அதற்கு எதிர். காம்பொனென்ட் உள்ளுக்குள் எத்தனை தவறாக இருந்தாலும், உருவாகிவிட்டால் பச்சைதான். ஒன்று தொட்டதும் உடைகிறது, மற்றொன்று எதைச் செய்தாலும் தலையாட்டுகிறது. உங்கள் வேலையைச் சோதிப்பது இரண்டிலும் இல்லை. நூறு காம்பொனென்ட்டில் நூறு பச்சை விழுவதைப் பார்த்து மேலாளர் நிம்மதியாகத் தூங்கப்போவார்.

தலைப்பு, டெஸ்ட் இரண்டும் கண்ணில் படும். கண்ணில் படாத ஒன்று உண்டு. கிரியேட் ரியாக்ட் ஆப், வைட், ஆங்குலர் எதில் தொடங்கினாலும் இண்டெக்ஸ் கோப்பின் எச்டிஎம்எல் முதல் குறிச்சொல்லில் லாங் என்று ஒரு பண்பு இருக்கும். அதன் மதிப்பு 'இஎன்'. இந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். அந்த டெம்ப்ளேட்டை எழுதியவருக்கு அது சரியான முடிவு. அதே டெம்ப்ளேட்டில் தொடங்கி, பக்கம் முழுக்கத் தமிழில் செய்திகளையோ கதைகளையோ அரசு அறிவிப்புகளையோ போடும்போது அது பொய்யாகிவிடுகிறது. பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பார்வையற்றவர் ஸ்க்ரீன் ரீடரைக் கொண்டு வாசிக்கும்போது தெரியும். எந்த மொழியின் குரலில் படிக்க வேண்டும் என்பதை அந்த மென்பொருள் இந்தப் பண்பைப் பார்த்தே முடிவுசெய்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த குரல் கணினியிலேயே இருந்தும், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளின் முன்னால் திணறி நிற்கும். பக்கத்தின் மொழியைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது வலை அணுகல் நெறிகளின் அடிப்படையான ஏ நிலையிலேயே உள்ள விதி. மாற்ற வேண்டியவை இரண்டே எழுத்துகள். அந்த வரியை நம்மில் யாரும் எழுதவில்லை; அதனாலேயே யாரும் படிக்கவும் இல்லை.

பத்திர எழுத்தர்கள் வைத்திருக்கும் கிரயப் பத்திர வாசகத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். விற்பவர், வாங்குபவர், தொகை, செக்குபந்தி ஆகியவைதாம் பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். சொத்தில் எந்த வில்லங்கமும் இல்லை என்ற உறுதிமொழி எல்லாவற்றிலும் முன்பே எழுதியிருக்கும். வில்லங்கம் உண்டா இல்லையா என்று அந்த வாசகத்துக்குத் தெரியாது. கீழே கையெழுத்துப் போடுகிறவர்தான் பொறுப்பு. நிரலிலும் கையெழுத்து உண்டு. கருவி தந்த கோப்பை, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் நீங்கள் சேர்த்த பிறகு, ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்டும் 'பிளேம்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். யாரும் எழுதாத அந்த வரிகள் எல்லாவற்றுக்கும் எதிரே உங்கள் பெயர் இருக்கும்.

*

இப்படி ஒரு கருவி தேவைப்படுவதே ஒரு நோயின் அறிகுறி என்று வாதிடுபவர்கள் உண்டு. ஒரே மாதிரி நிரலைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டி வருகிறது என்றால், கையிலிருக்கும் மொழியில் போதிய வலு இல்லை என்றே பொருள் என லிஸ்ப் மரபில் வந்த பால் கிரஹாம் 2002இல் எழுதினார். காம்பொனென்ட் உலகத்தில் இதற்குச் சான்றும் இருக்கிறது. வியூ, ஸ்வெல்ட் இரண்டிலும் ஒரு காம்பொனென்ட் என்பது ஒரே கோப்பு. அமைப்பு, நிரல், அலங்காரம் மூன்றும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். காலிக் கோப்பைத் திறந்து எழுதத் தொடங்க வேண்டியதுதான். அங்கே ஜெனரேட்டரைப் பற்றிய பேச்சு குறைவாக இருப்பதில் வியப்பில்லை. ஒரு பொத்தானுக்கு ஐந்து கோப்பு என்று வைத்துக்கொண்டு, ஐந்தையும் நொடியில் உண்டாக்கும் கருவியைக் கொண்டாடும் குழு, ஐந்தும் வேண்டுமா என்று ஒரு நாளாவது கேட்டுப்பார்க்க வேண்டும். வலி தெரியாமல் செய்யும் மருந்து கையில் இருந்தால் அந்தக் கேள்வி வராது. கருவியின் பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன்: சடங்கு எத்தனை நீளமாக இருந்தாலும் அதை இலவசமாக்கிவிடுகிறது. இலவசமாக வருவதை யாரும் குறைக்க மாட்டார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, இனி டெம்ப்ளேட் எதற்கு என்று கேட்கலாம். 2021இல் முன்னோட்டமாக வந்த கிட்ஹப் கோபைலட் தொடங்கி, கேட்டதை எழுதித்தரும் துணைகள் பெருகிவிட்டன. பொத்தான் வேண்டும் என்று பேச்சுமொழியில் சொன்னால் ஐந்து கோப்பையும் அவை தருகின்றன, காலியாக இல்லாமல் உள்ளடக்கத்தோடு. ஆனாலும் டெம்ப்ளேட்டுக்கு ஒரு குணம் உண்டு. இன்று கேட்டாலும் அடுத்த மாதம் கேட்டாலும், நீங்கள் கேட்டாலும் நான் கேட்டாலும் அது ஒன்றையே தரும். அதனால் அதை ஒருமுறை ஒழுங்காகப் படித்துச் சரிபார்த்துவிட்டால், அதிலிருந்து பிறப்பவை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாசிப்பு போதும். இந்தத் துணைகள் ஒவ்வொரு முறையும் சற்று வேறாக எழுதும். ஒவ்வொன்றையும் தனித்தனியே படித்தாக வேண்டும். எழுதும் உழைப்பு குறையக் குறைய, படிக்கும் உழைப்பு கூடுகிறது. அந்த உழைப்பை யார் செய்யப்போகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லாமலே வரிகள் மட்டும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே கருவியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல டெம்ப்ளேட், ஒரு குழு தன் பட்டறிவைச் சிக்கனமாக எழுதிவைத்த ஆவணம். அது சிறியதாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு தேநீர் நேரத்தில் முழுதாகப் படித்துவிடும் அளவுக்குச் சிறியதாக. திட்டத்தின் நிரலோடு சேர்ந்தே இருக்க வேண்டும், மற்ற நிரலைப் போலவே விவாதத்துக்கும் திருத்தத்துக்கும் உட்பட்டதாக. அதில் ஒரு தவறு இருந்தால் அது ஒரு தவறோடு நிற்காது. ஃபார்முக்குள் இருக்கும் பொத்தானுக்கு வகை குறிப்பிடாவிட்டால், அழுத்தியதும் ஃபார்மையே அனுப்பிவிடும்; டெம்ப்ளேட்டில் அந்த ஒரு சொல் விட்டுப்போயிருந்தால் அதிலிருந்து பிறக்கும் பொத்தான்கள் எல்லாம் அதே குறையோடுதான் வரும். எதையும் சோதிக்காத டெஸ்ட்டை வைத்திருப்பதைவிட டெஸ்ட் இல்லை என்று ஒப்புக்கொள்வது நேர்மை. தேவையில்லாத கோப்பை உண்டாக்காமல் இருக்க இந்தக் கருவிகளிலேயே வழி இருக்கிறது. ஆங்குலரில் 'ஸ்கிப் டெஸ்ட்ஸ்' என்றும், எதையும் எழுதாமல் என்ன எழுதப்போகிறது என்று மட்டும் காட்ட 'ட்ரை ரன்' என்றும் தெரிவுகள் உண்டு.

தமிழில் தளம் நடத்துகிறவர்களிடமும், அவர்களுக்காகத் தளம் கட்டுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் திட்டத்தின் இண்டெக்ஸ் கோப்பை இன்றைக்கே திறந்து பாருங்கள். முதல் குறிச்சொல்லில் 'இஎன்' என்று இருந்தால் 'டிஏ' என்று மாற்றுங்கள். பிறகு மற்ற வரிகளையும் ஒருமுறை படியுங்கள். அவை உங்கள் பெயரில்தான் இருக்கின்றன.